அனுப்பியவரைத் தெரியாது

1

டிசம்பர் இருபத்தாறாம் திகதி இங்கே நத்தாரின் இரண்டாம் நாள். கடைகள் பூட்டியிருக்கும். நோர்வேயின் வடக்குக் கரையில் இருக்கும் இந்தச் சின்ன மீன்பிடிப் பட்டினத்தில் நாங்கள் முப்பது தமிழ்க் குடும்பம் மட்டில் இருக்கிறோம். அன்று பின்னேரம் பள்ளிக்கூட மண்டபத்தில் கூடி, சுனாமியில் போனவர்களுக்கு மெழுகுதிரி கொளுத்துவோம். பிறகு றோல்ஸ், தேநீர், பிள்ளைகளின் ஒரு பாட்டு. இலங்கையின் கிழக்குக் கரையில், கல்குடாவில் கடல் பலிகொண்ட என் அண்ணனுக்கும் வருஷா வருஷம் ஒரு திரி கொளுத்தியிருக்கிறேன்.

இந்த வருஷம் நான் போகவில்லை. தலையிடி என்று சங்கச் செயலாளருக்குச் சொன்னேன். தலையிடி இல்லை. மண்டபத்துக்கு வருகிற முகங்களில் பாதி, என்னிடம் பொதி எடுக்க வந்து எடுக்காமல் போன முகங்கள். அவர்கள் என்னை ஒன்றும் கேட்கப் போவதில்லை. கேட்காமல் றோல்ஸ் தட்டை நீட்டுவார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

அதனால் வீட்டில் இருந்து இதை எழுதுகிறேன். பகல் இரண்டு மணிகூட ஆகவில்லை, வெளியே இருட்டிவிட்டது. இந்த மாதத்தில் இங்கே சூரியன் எழும்பாது. ஊரில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு அது ஒரு புதினமாக இருக்கும். எனக்கு இப்போது அது வசதி.

2

நான் வேலை செய்வது ஒரு பலசரக்குக் கடையில். முதல் ஒன்பது வருஷம் மீன் தொழிற்சாலையில் நின்றேன். தோள்மூட்டு தேய்ந்தபிறகு இங்கே வந்தேன். இந்த ஊரில் தபாற்கந்தோர் என்று தனியாக ஒன்று கிடையாது. கடையின் பின்பக்கம், பால் வைக்கும் குளிரூட்டிக்கும் வெற்றுப் போத்தல் போடும் இயந்திரத்துக்கும் நடுவில் ஒரு மேசை, அதற்குப் பின்னால் இரும்புத் தட்டுகள். ஊர்ச்சனத்துக்கு வரும் பொதியெல்லாம் அங்கேதான் வரும். அடையாள அட்டையைப் பார்த்து, கையெழுத்து வாங்கி, பொதியைக் கொடுப்பது என் வேலை.

அந்தத் தட்டுகளில் சில வருஷமாக ஊர் வாசம் அடித்தது. வறுத்த கொத்தமல்லி, செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம். என் அண்ணனின் மனைவி யோகம் மச்சாள் கல்குடாவில் இருந்து அனுப்பும் தூள்.

சண்டை முடிந்தபிறகு ஒரு நிறுவனம் மச்சாளுக்கும் இன்னும் நாலு பெண்களுக்குமாக ஒரு கொட்டிலும் அரைக்கிற மிசினும் கொடுத்துவிட்டுப் போனது. ஐந்து பேரும் புருஷன் இல்லாதவர்கள். இரண்டு பேரின் புருஷன்மாரைக் கடல் எடுத்தது, மூன்று பேருடையவர்களைச் சண்டை. அதில் ஆக இளையவள் சரோ. அவளுடைய புருஷன் கூலிவேலைக்கு வடக்கே வன்னிக்குப் போய், சண்டை முடிந்த மாதங்களில் காணாமல் போனவர். இறந்துவிட்டார் என்று அவளிடம் யாரும் சொல்லிவிட முடியாது.

ஒருமுறை ஊருக்குப் போய் வரும்போது நான் இரண்டு கிலோ தூள் கொண்டுவந்தேன். இங்கத்தைத் தமிழ் வீடுகளில் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்தேன். அடுத்த வாரம் கடைக்கு வந்து கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அப்படித்தான் ஆரம்பித்தது. பக்கத்துப் பட்டினங்களுக்கும் பரவியது; அந்தப் பொதிகளும் எங்கள் கடைக்கே வரும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சின்னப் பொதி, நேரே கல்குடாவில் இருந்து. குறிப்பிட்ட பெறுமதிக்குக் குறைந்த பொதி என்றால் இந்த நாட்டில் வரி கிடையாது. அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்க எவ்வளவு தூள் வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவள் நான்.

விலாசம் எழுதுவது சரோ. ஓஎல் பரீட்சை வரை படித்தவள், அச்சடித்த மாதிரிக் கையெழுத்து. ஒருநாள் தொலைபேசியில் கேட்டாள்.

"அக்கா, இந்த ஓவுக்குக் குறுக்கால ஒரு கோடு கிடக்கே, பிழையா எழுதி வெட்டினதா?"

"இல்ல சரோ, அது இவங்கட ஒரு எழுத்து. வெட்டி வெட்டியே எழுது."

பொதியின் மேல் என்ன பொருள் என்று எழுதுவது எனக் கேட்டபோது, 'கிஃப்ட்' என்று கொட்டை எழுத்தில் போடச் சொன்னதும் நான்தான். காசு கொடுத்து வாங்குகிற சாமான், அன்பளிப்பு அல்ல. அப்போது அந்தச் சொல் தேவைப்படவும் இல்லை. இருந்தாலும் ஒரு காவலுக்கு இருக்கட்டும் என்று நினைத்தேன். அதே நாலு எழுத்துக்கு நோர்வே மொழியில் வேறு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, கலியாணமானவர். மற்றது, நஞ்சு. முதல் பொதிகள் வந்த அன்று எங்கள் கடையின் பொறுப்பாளர் மாரித் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சுமதி, உன் நாட்டில் இருந்து ஒன்றில் நஞ்சு வந்திருக்கிறது, இல்லாவிட்டால் யாருக்கோ பெண்டாட்டி வந்திருக்கிறாள்!"

நானும் சிரித்தேன். யார் அனுப்பியது என்று அவள் அன்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

3

எனக்கு இந்தத் தூளில் இருந்த ஆர்வத்துக்கு ஒரு பழைய காரணம் உண்டு.

சுனாமி வந்தபோது நான் ஊருக்குப் போகவில்லை. போயிருக்கலாம். அப்போது சண்டை ஓய்ந்திருந்த காலம், பாதை திறந்திருந்தது. குடியுரிமை விண்ணப்பம் போட்டிருந்தேன், நாட்டை விட்டு வெளிக்கிட்டால் பிசகிவிடும் என்று எல்லாருக்கும் சொன்னேன். பிசகும் என்று ஒரு அதிகாரியும் என்னிடம் சொல்லவில்லை. அண்ணனைப் புதைத்த இடத்தைப் பார்க்கப் பயம். அவ்வளவுதான்.

போகாததற்குப் பதிலாகப் பெட்டி பெட்டியாக உடுப்பு அனுப்பினேன். தொழிற்சாலையில் என்னோடு நின்ற பெண்கள் தந்த கம்பளிச் சட்டைகள், பஞ்சு வைத்த ஜெக்கட்டுகள். கல்குடா வெயிலுக்கு ஜெக்கட்! அப்போது அது என் மண்டையில் ஏறவில்லை. முதலில் சுனாமி நிவாரணம் என்று எழுதினால் அங்கே தீர்வை இல்லாமல் விட்டார்கள். சில மாதங்களில் அதை நிறுத்திவிட்டார்கள் என்று செய்தியில் கேட்டேன். கேட்டும் அனுப்பிக்கொண்டே இருந்தேன்.

சண்டை முடிந்து முதல்முறை போனபோது, மச்சாள் வீட்டு மூலையில் இரண்டு உரப்பைகளைக் கண்டேன். அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே ஜெக்கட்டுகள், மடித்தது மடித்தபடி.

"என்ன மச்சாள் இது, ஆருக்கும் குடுக்கல்லியா?"

"ஆருக்குக் குடுக்க? இஞ்ச என்ன பனியா கொட்டுது?"

"அப்ப ஏன் எடுத்தீங்க? தீர்வை கட்டச் சொல்லியிரிப்பாங்களே. வேணாமெண்டு விட்டிரிக்கலாமே."

"டவுனுக்கு ரெண்டு தரம் போனன். வழியெல்லாம் செக்பொயின்ட்டு. ஒரு நாள் முழுக்க வெச்சிருந்துதான் தந்தாங்க." மச்சாள் உரப்பையைத் திரும்பக் கட்டினார். "நீ அனுப்பின சாமானத் திருப்பி அனுப்பச் சொல்றியா? திரும்பி வந்தா உன்ட மனசு என்ன பாடுபடும்?"

ஊருக்கு நான் எதையாவது சரியாகச் செய்தேன் என்றால் அது இந்தத் தூள்தான் என்று பிறகு நினைத்துக்கொண்டேன்.

4

என் மகள் ஆரணி இங்கே பிறந்தவள். ஒஸ்லோவில் படிக்கிறாள். தூள் வேண்டியவர்கள் தொலைபேசியிலேயே பெயரைப் போடும்படி ஒரு இணையப் பக்கம் செய்து தந்தவள் அவள்தான். அவளுடைய தமிழில் நீங்கள் என்ற சொல்லே கிடையாது. நோர்வே மொழியில் பிரதமருக்கும் பூனைக்கும் ஒரே நீதான். அதனால் மாமியோடு கதைக்கும்போதும் "நீ சாப்பிட்டாயா?" என்றுதான் கேட்பாள். மச்சாள் கோபித்ததில்லை. "ஓம் மகள், சாப்பிட்டன். நீங்க சாப்பிட்டீங்களா?" என்று மருமகளுக்கு மரியாதையைப் பழக்கப் பார்ப்பார். படிப்புக் கூடக்கூட அந்த அழைப்புகளும் குறைந்துபோயின.

போன வருஷம் மழைகாலத்தில் அவளிடம் இருந்து ஒரு செய்தி வந்தது. சிறு பொதிகளுக்கு இருந்த வரிச்சலுகையை எடுக்கப் போகிறார்கள் என்ற அறிவித்தல். கீழே, "அம்மா, இதைப் பார்த்தாயா? மாமிக்குச் சொல்லு" என்று எழுதியிருந்தாள்.

பார்த்திருந்தேன். இரண்டு வாரத்துக்கு முன்பே கடைக்குச் சுற்றறிக்கை வந்துவிட்டது. தை பிறந்தால் எந்தச் சின்னப் பொதிக்கும் வரி, அதற்கு மேல் ஒரு கையாளுகைக் கட்டணம். கட்டணமே தூளின் பெறுமதியை விடக் கூட. உறவினருக்கு உறவினர் அனுப்பும் உண்மையான அன்பளிப்புக்கு மட்டும் சலுகை மிச்சம் இருக்கும். சந்தேகம் வந்தால் கேள்வி கேட்பார்கள்.

"சொல்கிறேன்" என்று மகளுக்குப் பதில் எழுதினேன்.

சொல்லவில்லை. அந்த நேரம்தான் எப்போதும் இல்லாத அளவுக்குப் பெயர்கள் சேர்ந்திருந்தன. இருபத்திமூன்று வீடு. மச்சாள் குரலில் ஒரு துள்ளல். "இந்தமுறை கொட்டிலுக்குத் தகரம் மாத்திரலாம் புள்ள, நீ இல்லாட்டி எங்களுக்கு ஆரு?" என்றார். அந்தக் கடைசிச் சொற்களைக் கேட்கத்தான் நான் வாரா வாரம் தொலைபேசி எடுத்தேன் போல. அனுப்ப வேண்டாம் என்று சொன்னால் அது நின்றுவிடும். கப்பலில் வரும் பொதி தைக்குப் பிறகுதான் வந்துசேரும் என்று கணக்குப் பார்க்க எனக்குத் தெரியும். ஒருவேளை தப்பிவிடும், இந்த ஒருமுறை போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

5

தப்பவில்லை. மாசி மாதம் இருபத்திமூன்றும் ஒன்றாக வந்து இறங்கின. ஒரே அளவு, ஒரே கையெழுத்து, எல்லாவற்றிலும் 'கிஃப்ட்'. ஒவ்வொரு வீட்டுக்கும் சுங்கத்தில் இருந்து கடிதம் போயிருந்தது. இது அன்பளிப்பா, அனுப்பியவர் உமக்கு என்ன உறவு, வாங்கிய பொருள் என்றால் வரியைக் கட்டி எடுக்கவும்.

முதலில் வந்தது செல்வம், யாழ்ப்பாணத்துக்காரர், என் பழைய தொழிற்சாலைத் தோழர்.

"சுமதி அக்கா, வரியில்லை எண்டுதானே நீங்கள் சொன்னனீங்கள்?"

"முந்தி இல்ல. இப்ப மாத்திட்டாங்க."

"எனக்கு வேண்டாம், திருப்பி அனுப்பிவிடுங்கோ. அனுப்பினவ ஆரெண்டு கேட்டிருக்கினம். நான் என்னெண்டு எழுதுறது? எனக்கேன் வில்லங்கம்."

அவர் சொன்னது நியாயம். ஐந்து வீட்டார் முணுமுணுத்துக்கொண்டு கட்டி எடுத்தார்கள். பதினெட்டுப் பொதிகள் தட்டில் நின்றன.

ஒரு வியாழக்கிழமை காலை மாரித் கையில் கோப்பிக் குவளையோடு வந்தாள்.

"சுமதி, இதெல்லாம் ஒரே ஆள் அனுப்பியது. சுங்கத்தில் இருந்து நம்மிடமும் கேட்டிருக்கிறார்கள். இந்த அனுப்பியவரை உனக்குத் தெரியுமா?"

பொதி எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. யோகேஸ்வரி, கல்குடா. என் அண்ணனைக் கட்டியவர். நான் சாமத்தியப்பட்டபோது தலைக்குத் தண்ணீர் வார்த்தவர். நான் இந்த நாட்டுக்கு வெளிக்கிட்ட அன்று வாழைச்சேனை பஸ் நிலையம் வரை என் பையைச் சுமந்து வந்தவர்.

"தெரியாது" என்றேன்.

மாரித் மிரட்டவில்லை. சந்தேகப்பட்டுக்கூடக் கேட்கவில்லை. ஓம் என்று சொல்லியிருந்தால், அப்படியா, என்ன செய்யலாம் பார்ப்போம் என்றிருப்பாள். ஆனால் அந்த நேரம் என் மனதில் ஓடியது வேறு. பொதி மேசையில் இருக்கிறவள் தன் ஆட்களுக்கு வரி தப்பவைத்தாள் என்று வந்தால் வேலை போய்விடும். அதோடு, இத்தனை வருஷம் நான் சேர்த்த நல்ல பெயரும்.

"சரி, அப்படியென்றால் திருப்பிவிடு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

திருப்பும்போது ஒரு வெள்ளைத் துண்டு ஒட்ட வேண்டும். காரணம், திகதி, திருப்பியவரின் கையெழுத்து. பதினெட்டுத் தரம் எழுதினேன். ஒட்டி முடித்துவிட்டு விரலை முகர்ந்தபோது கொத்தமல்லி மணத்தது.

6

"தூள் வந்து சேந்திட்டா புள்ள?" மச்சாள் கிழமைக்கு ஒருக்கால் கேட்பார்.

"கஸ்டம்ஸில நிக்குது போல மச்சாள். கடிதமெல்லாம் இவங்கட பாஷையில. எனக்கும் சரியா விளங்கல்ல."

இந்த நாட்டுக்கு வந்து இருபத்திநாலு வருஷம். புதிதாக வரும் எங்கட சனத்துக்கு அரசாங்கக் கடிதம் வாசித்துச் சொல்கிறவள் நான். வந்த புதிதில் பாஷை தெரியாமல் நான் பட்ட வெட்கங்கள் எத்தனையோ உண்டு. அவற்றை எல்லாம் சொல்லிச் சிரிக்க வைக்கலாம். பாஷை தெரிந்துகொண்டு தெரியாது என்று சொன்ன வெட்கத்தை வைத்து யாரையும் சிரிக்க வைக்க முடியாது.

ஆனி மாதம் மச்சாளே தொலைபேசி எடுத்தார்.

"சுமதி, பொதியெல்லாம் திரும்பி வந்திட்டு. வாழைச்சேனைத் தபாற்கந்தோர்ல காசு கட்டித்தான் எடுத்தம்."

பொதியொன்றை அவர் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"மேல ஒரு வெள்ளைத் துண்டு ஒட்டிக் கிடக்கு. அதில உன்ட கையெழுத்து."

"மச்சாள்…"

"எத்தின வருஷம் எனக்குக் கடிதம் எழுதின நீ. அந்த எஸ் எழுத்து எனக்குத் தெரியாதா? பதினெட்டிலயும் அதுதான்."

"ஓம் மச்சாள். நான்தான் திருப்பினன். அனுப்பினவவத் தெரியுமா எண்டு கேட்டாங்க. தெரியா எண்டு சொல்லிட்டன்."

எந்த நேரம் எடுத்தாலும் பின்னால் மிசின் இரையும். அன்றைக்கு மிசின் சத்தம் இல்லை.

"வேல போயிருமெண்டு பயந்தியா?"

"ஓம்."

"சட்டம் மாறினது முந்தியே தெரியுமா?"

"தெரியும்."

"பயந்தா பயமா இரிக்கு எண்டு சொல்லியிரிக்கலாமே. நாங்க அனுப்பாம இரிந்திரிப்பமே. இப்ப தூளெல்லாம் பூச்சி புள்ள. கொட்டத்தான் வேணும்." பிறகு, "வெக்கிறன்" என்றார்.

எத்தனையோ வருஷத்துப் பழக்கத்தில் மச்சாள் முதலில் தொலைபேசியை வைத்தது அன்றுதான்.

7

மறுநாள் காலையிலேயே மாரித்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள். முடிவில், "பொதியைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை, சுமதி. நீ என் கண்ணைப் பார்த்துக்கொண்டு தெரியாது என்று சொன்னாய்" என்றாள். எழுத்தில் ஒரு எச்சரிக்கை தந்து, பொதி மேசையில் இருந்து என்னை எடுத்து மரக்கறிப் பக்கம் போட்டாள். வேலை போகவில்லை. எதற்குப் பயந்து மச்சாளைத் தெரியாது என்றேனோ, அது நடக்கவே இல்லை.

ஆவணியில் லீவு எடுத்து ஊருக்குப் போனேன். மச்சாள் முகம் கோணவில்லை. இறால் வாங்கிச் சமைத்து வைத்திருந்தார். கொட்டிலில் பழைய தகரம் அப்படியே கிடந்தது. தூள் இப்போது ஓட்டமாவடியில் ஒரு கடைக்கும் பாசிக்குடாப் பக்கம் ஒன்றிரண்டு ஹோட்டலுக்கும் போகிறது. வெளிநாட்டுக்கு அனுப்பிய அளவில் பாதியும் இல்லை. உள்ளே மூன்று பெண்கள் மல்லி புடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"சரோ எங்க?"

"குவைத்துக்குப் போயிட்டாள்" என்றார் மச்சாள். "நாலு பேருக்கே வேல காணாது. நான் இளசு, நான் போறன் எண்டு அவளே ஏஜென்சில கையெழுத்து வெச்சிட்டு வெளிக்கிட்டாள். வீட்டு வேல."

என்னிடம் ஒன்றும் கேட்காமலே நம்பரை அழுத்தித் தொலைபேசியைக் கையில் தந்தார். "நீயே கத."

சரோவின் குரல் தாழ்ந்து கேட்டது. பின்னால் தண்ணீர் ஓடியது.

"சரோ, நான் சுமதி அக்கா. என்னாலதான் உனக்கு…"

"அத விடுங்கக்கா, நேரமில்ல, மேடம் வரப்போறா. ஒரு உதவி செய்வீங்களா?"

"சொல்லு."

"வாற செவ்வாய்க்கிழமை டவுனில இரிக்கிற நாள். அவர்ர படம் யோகம் அக்காட்ட இரிக்கு. எனக்காக ஒருக்காப் போயிரிங்க. போன மாசம் ஆரும் போகல்ல. பேர் வாசிக்கக்குள்ள ஆரும் எழும்பாட்டி அந்தப் பேர விட்டிருவாங்களோ எண்டு பயமா இரிக்கு."

காணாமல் போனவர்களின் தாய்மாரும் மனைவிமாரும் மாதத்தில் ஒருநாள் மட்டக்களப்பு நகரில், வாவிக்கரை வீதியில் படங்களோடு கூடி இருப்பார்கள். ஊரில் இருந்தவரை சரோ ஒரு மாதமும் தவறியதில்லை.

மச்சாளையும் கூப்பிட்டேன். "நீ போ" என்றார். "நான் வந்தா நீ எனக்குப் பின்னால நிண்டிருவாய்."

தனியே பஸ் ஏறிப் போனேன். கொளுத்தும் வெயில். பாய் விரித்து நாற்பது பெண்கள் மட்டில் இருந்தார்கள். ஒதுங்கி எனக்கு இடம் விட்டார்கள். மடியில் சரோவின் புருஷன் உதயகுமாரின் படம். முப்பது வயது இருக்கும், சட்டைப்பையில் ஒரு பேனை. நான் ஒருநாளும் கண்டிராத மனிதர்.

கொஞ்ச நேரத்தில் வீதிக்கு அந்தப் பக்கம் புலனாய்வுக்காரர் போல இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார்கள். ஒருவர் தொலைபேசியை உயர்த்தி எங்களைப் படம் எடுக்கத் தொடங்கினார். விமான நிலையம், கடவுச்சீட்டு, திரும்பிப் போகும் திகதி எல்லாம் மனதில் ஓடின. மற்றப் பெண்கள் ஒருவரும் அசையவில்லை, அவர்களுக்கு அது பழக்கம். என் கைகள் தாமாக உயர்ந்தன.

பக்கத்தில் இருந்த அம்மா என் முழங்கையைத் தொட்டார். "புள்ள, படத்தக் கீழ பிடிங்க. இப்பிடிப் பிடிச்சா உங்கட முகம் மறையுது."

சும்மா சொன்னார். எனக்குப் பழக்கமில்லை என்று நினைத்திருப்பார். உதயகுமாரின் முகத்துக்குப் பின்னால் நான் ஒளிந்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. படத்தை நெஞ்சுக்கு இறக்கினேன். அந்தத் தொலைபேசி இன்னும் உயர்ந்தபடியே இருந்தது. பெயர் வாசித்தார்கள். தம்பிராசா உதயகுமார், கல்குடா. எழும்பி நின்றேன்.

அன்று பின்னேரமே சரோவுக்குச் சொன்னேன், போனேன் என்று, பெயர் வாசித்தபோது எழும்பினேன் என்று. அவள் அழுதாள், நன்றி சொன்னாள். அதற்கு முன் எவ்வளவு நேரம் அந்தப் படத்தை என் முகத்துக்கு நேரே பிடித்திருந்தேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை. இங்கேதான் முதலில் எழுதுகிறேன்.